சயான் வழியாக வீட்டுக்கு

1

நம் ஊர்ச் சபையின் ஆண்டு மலர் போன வாரம் தபாலில் வந்தது. வெளியூரில் இருக்கிறவர்களைப் பற்றிய பக்கத்தில் என் பெயரும் இருக்கிறது. ‘செல்வராணி, பம்பாயில் கம்ப்யூட்டர் அதிகாரியாகப் பணியாற்றுகிறார்’ என்று போட்டிருக்கிறீர்கள். என் வீட்டுக்காரர் அதை வாசித்துவிட்டு மலரை மடித்து வைத்தார். வேலை பார்த்த மில் மூடியதிலிருந்து அவர் பல விஷயங்களை அப்படித்தான் மடித்து வைக்கிறார்.

யார் இப்படி எழுதியது என்று கேட்கப்போவதில்லை. நல்ல மனதோடுதான் எழுதியிருப்பீர்கள். அடுத்த மலருக்கு ‘பம்பாய் வாழ்க்கை’ பற்றி எழுதி அனுப்பு என்று போதகர் ஐயா கேட்டிருக்கிறார். முதலில் அந்த வரியைத் திருத்திவிடுகிறேன். நான் அதிகாரி இல்லை. ஃபோர்ட் ஏரியாவில் ஒரு கம்பெனியில் பஞ்ச் ஆபரேட்டர். மற்றவர்கள் தாளில் எழுதித் தருகிற எண்ணையும் எழுத்தையும் விசைப்பலகையில் அடித்து மெஷினுக்குள் அனுப்புகிறவள். அந்த வேலையும் கிறிஸ்துமஸ் வரை இருந்தால் பெரிது. நாளைக்கு எனக்கு ஒரு பரீட்சை இருக்கிறது. அது தேறாவிட்டால் இந்த வீட்டில் சம்பளம் என்று ஒன்று வராது. இன்று ஞாயிறு. ஆராதனைக்குப் போய்விட்டு வந்து, படிக்க உட்கார்ந்தேன். படிக்க ஓடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பஞ்ச் வேலைக்கு ஒரே ஒரு சட்டம்தான். பார்த்ததை அடி. சேர்ந்த அன்றைக்கே சூப்பர்வைசர் சொன்னார், தாளில் ஒருத்தருக்கு வயது இருநூறு என்று இருந்தால் இருநூறே அடிக்கவேண்டும் என்று. திருத்துவது நம் வேலை இல்லை. திருத்தினால் மெமோ வரும். நானும் பம்பாய்க்கு வந்த வருஷத்திலிருந்து அப்படியே அடித்துப் பழகிவிட்டேன். எழுத்து கண்ணில் ஏறி விரலில் இறங்கும். ஃபாஸ்ட் டிரெயின் மாதிரி, நடுவில் தலை என்கிற ஸ்டேஷனில் நிற்பதே கிடையாது. அது நல்ல வேலைக்காரிக்கு அடையாளம் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நாங்களும் பெருமையாக இருந்தோம்.

2

மழைக்காலம் முடிகிற சமயம் ஆபீசில் ஒரு சர்க்குலர் ஒட்டினார்கள். இனி ஆபீசர்கள் மேசைக்கு மேசை புது மெஷின் வருமாம், அவரவர் வேலையை அவரவரே அடித்துக்கொள்வார்களாம். அதனால் எங்கள் செக்‌ஷனை வருஷக் கடைசியில் மூடுகிறார்கள். ப்ரோகிராம் எழுதும் பரீட்சையில் தேறுகிறவர்களில் சிலரைப் புதுப் பிரிவில் எடுப்பார்கள். மற்றவர்களுக்குக் கணக்கு முடித்துவிடுவார்கள். சிலர் என்றால் எத்தனை பேர் என்று யூனியன்காரரைக் கேட்டோம். ‘பாத்துக்கலாம்’ என்றார். ஒருவரோ இருவரோ என்று அக்கவுண்ட்ஸ் பக்கமிருந்து பேச்சு வந்தது.

எங்கள் செக்‌ஷன் முழுக்கப் பெண்கள். எனக்கு அடுத்த மெஷினில் ஜைனப். அவளும் திருநெல்வேலிப் பக்கம்தான். அவள் வாப்பா தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். நாங்கள் இருக்கிற லேபர் கேம்ப்புக்கு அடுத்த சந்து. என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னைவிட வேகம். தாதரில் ப்ரோகிராம் கற்றுத்தரும் இடம் ஒன்று உண்டு என்று இரண்டு பேரும் போனோம். ஃபீசைக் கேட்டுவிட்டுப் படியிறங்கி வந்தோம்.

அப்போதுதான் ஆபீஸ் போர்டில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். மாட்டுங்காவில் சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு கம்ப்யூட்டர் வட்டம் கூடுகிறது. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் வரலாம். புதியவர்களுக்கு விசேஷ வரவேற்பு. காசு கிடையாது. எனக்குக் கர்த்தரே அனுப்பினதுபோல இருந்தது. ஜைனபைக் கூப்பிட்டேன். வாப்பா சனிக்கிழமை சாயங்காலம் விடமாட்டார் என்றாள். “நீங்க முதல்ல போய் பாருங்கக்கா. நம்மளச் சேத்துக்கிடுவாகன்னா நானும் வாப்பாட்டச் சண்ட போட்டு வாரேன்.”

3

ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் ஏசி ரூம். தூசி ஆகாது என்று செருப்பை வெளியே விடவேண்டும். உள்ளே முக்கால்வாசிப் பேர் தமிழர்கள். மாட்டுங்கா, செம்பூர், காட்கோபர் என்று வந்திருந்தார்கள். எல்லோரும் ப்ரோகிராமர்கள். கூட்டத்தில் பேசுவது இங்கிலீஷ், காபி குடிக்கும்போது அவர்கள் வீட்டுத் தமிழ். நடுவில் ஒரு மெஷின், யாரோ ஒரு மெம்பருடைய கம்பெனி கொடுத்தது.

புதிதாக வந்தவர்கள் எழுந்து நின்று பேர், ஆபீஸ், உத்தியோகம், படித்த காலேஜ், இருக்கிற இடம் எல்லாம் சொல்லவேண்டும். எனக்குக் காலேஜ் கிடையாது, அதைத் தாண்டிப் போனேன். பஞ்ச் ஆபரேட்டர் என்றேன். தலைவர் நல்ல மனிதர், வயதானவர். “வெரி குட், வெரி குட்” என்றார். ஒரு தடவை மட்டும் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

இருக்கிற இடம் எது என்று கேட்டபோது சயான் என்றேன். ஊரில் இருக்கிற உங்களுக்கு இது புரியாது. தாராவியில் இருக்கிற யாரும் வெளியே போய் தாராவி என்று சொல்வதில்லை. கேட்கிற ஆளைப் பொறுத்து, பக்கத்தில் இருக்கிற சயான் என்போம், மாஹிம் என்போம். பாங்கில், பள்ளிக்கூடத்தில், பெண் பார்க்க வருகிறவர்களிடத்தில் எல்லாம் அப்படித்தான். தாராவி என்றால் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு ஷட்டர் இறங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்கவேண்டாம் என்றுதான் இந்த ஏற்பாடு.

அவர்கள் இடத்தைக் கேட்டது கெட்ட எண்ணத்தில் இல்லை. கூட்டம் முடிந்ததும் ஒரே பக்கம் போகிறவர்கள் சேர்ந்து போவது அங்கே வழக்கம். பெண்கள் தனியாகப் போகவேண்டாம் பாருங்கள். போகப் போகத்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. மேடையில் பேசுவதெல்லாம் தெரிந்தவர்களுக்கு. தெரியாதது கேட்பது, எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்பது, எந்தப் புத்தகம் நல்லது என்பது, இவையெல்லாம் திரும்பிப் போகிற வழியில்தான். வழித்துணை கிடைக்காதவர் அந்த வட்டத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்தாலும் ஒன்றும் தேறாது.

4

முதல் சில வாரம் கடைசி வரிசையில் இருந்தேன். ஏதாவது கேட்டால், போகப் போகப் புரியும் என்பார்கள். எனக்கோ போவதற்கு நாள் இல்லை. பிறகு ஒருநாள் நான் அடிக்கிற வேகத்தை யாரோ பார்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து மெஷின் முன்னால் என்னை உட்காரவைத்தார்கள். மெஷினைத் தொட மெம்பருக்கு மட்டும்தான் முறை உண்டு. எனக்கு விதிவிலக்கு. அவர்கள் சொல்லச் சொல்ல நான் அடிக்கவேண்டும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைத்துக் கொண்டாடினேன் என்றால் நான் எவ்வளவு மண்டு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செம்பூரிலிருந்து வருகிற ஒருவர், ஆள் கெட்டிக்காரர், ஒரு பட்டியலில் உள்ள பேர்களை வரிசையாக அச்சடிக்கிற ப்ரோகிராமை ஒருநாள் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டார். ஒரு பேர் முடிந்ததும் அடுத்த பேருக்குப் போ என்று மெஷினுக்குச் சொல்லும் வரி அது. நான் சொன்னதை அடித்தேன். பிரிண்டர் முதல் பேரையே அச்சடித்தது. மறுபடியும் அதையே அச்சடித்தது. தாள் மடிப்பு மடிப்பாகத் தரையில் விழுந்துகொண்டே இருந்தது.

“விரல் இருக்கு, அவ்வளவுதான்” என்றார் செம்பூர்க்காரர் பக்கத்தில் இருந்தவரிடம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவர்கள் சிரித்ததை மறந்துவிடுவேன், நான் சிரித்ததுதான் இன்னும் எரிகிறது. அந்த வரி இல்லை என்று எனக்கும் தெரியாதுதான். தெரிந்திருந்தாலும் சேர்த்திருக்கமாட்டேன் என்பது வேறு விஷயம்.

5

அன்றைக்கு என்னோடு நடந்து வந்தவர் வசந்தா மேடம். சயானில் இருக்கிறார், நிஜமாகவே. ஒரு பாங்கில் ப்ரோகிராமர், என்னைவிட ஓரிரு வயது இளையவர். டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பதால் மாட்டுங்காவிலிருந்து சயானுக்கு நடந்தே போவார். நானும் சயான் என்று சொல்லிவிட்டதால் கூடவே நடப்பேன். சயான் சர்க்கிளில் அவர் வீட்டுப் பக்கம் திரும்பியதும் நான் ரயில்வே பாலம் ஏறி, தாராவிக்குள் இறங்கி, வந்த தூரத்தையே திரும்ப நடந்து வீட்டுக்கு வருவேன். நேராக மாட்டுங்கா ஸ்டேஷன் பாலம் ஏறினால் எங்கள் சந்து கூப்பிடு தூரம்.

“ஏன் அப்படியே அடிச்சேள்?” என்று அவர் கேட்டார்.

“பாத்தத அடிக்கணும் மேடம். அதான் எங்க வேல.”

அவர் சிரிக்கவில்லை. கிங்ஸ் சர்க்கிள் பாலத்துக்கு மேலே ரயில் போய் முடிந்ததும், இனி நடக்கும்போது தாளும் கிடையாது பேனாவும் கிடையாது என்றார். நான் வாயால் ப்ரோகிராம் சொல்லவேண்டும், அவர் மெஷினாக இருந்து கேட்பார். நான் சொல்வேன். அவர் கேட்பது ஒரே கேள்விதான். “சரி, இதை நிறுத்தறது எது?” மெஷின் ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும், எப்போது நிறுத்தவேண்டும் என்று அதற்கு முதலிலேயே சொல்லிவைக்கவேண்டும். அவர் பாயசம் கிண்டுவதை வைத்து விளக்கினார். எனக்குப் புரியவில்லை. பாயசம் எப்போது இறக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாமலா இருக்கிறது.

ஒருநாள் காந்தி மார்க்கெட் பக்கம் வரும்போது எனக்கே ஒன்று தோன்றியது. எங்கள் சந்துக் குழாயில் தண்ணீர் பிடிப்பது. குடம் வைக்கிறோம், நிறைகிறது, அடுத்த குடம் வைக்கிறோம். நிறுத்துவது இரண்டு விஷயம். குடம் தீரவேண்டும், இல்லையென்றால் தண்ணீர் நிற்கவேண்டும். எதை முதலில் பார்ப்பது என்று கேட்டேன். தண்ணீரைப் பார்க்காமல் குடத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் வெறும் குழாய்க்குக் கீழே நிற்கவேண்டியதுதானே. மேடம் ரோட்டிலேயே நின்றுவிட்டார். இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று என் கையைப் பிடித்தார். எந்தக் குழாய் என்று அவர் கேட்கவில்லை. ஊரில் என்று நானாகவே சொல்லிவைத்தேன்.

அந்த நடையில் எனக்கு மூளை என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தேன். மிகைப்படுத்தவில்லை. ஃபோர்ட்டில் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் ‘நீங்க சொல்லுங்கோ’ என்று கேட்டதில்லை. வட்டத்தில் என்னை மெம்பராக்க முன்மொழிவதாக மேடம் சொன்னார். மெம்பரானால் எனக்கும் மெஷினில் முறை வரும். பரீட்சைக்கு முன் நாலு தடவையாவது என் ப்ரோகிராமை நானே ஓட்டிப் பார்த்துவிடலாம்.

6

பிறகு அவர் ஒரு நல்ல காரியம் செய்ய நினைத்தார். அவர் படித்த புத்தகம் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் கொண்டுவந்து தருகிறேன் என்றார். எந்த பில்டிங் என்று கேட்டார். நான் வேண்டாம், நானே வருகிறேன் என்று சுற்றிவளைத்துப் பார்த்தேன். அவர் விடவில்லை. சயான் சர்க்கிள் சிக்னலில் நின்றுகொண்டு தாராவி என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகத்தில் ஷட்டர் இறங்கவில்லை. அதைச் சொல்லியாகவேண்டும். “அதுக்கென்ன” என்றார். பிறகு, “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே” என்றார்.

“சொல்லியிருந்தா என்கூட இம்புட்டு தூரம் நடந்திருப்பீங்களா மேடம்?”

அவர் சிக்னலைத் தாண்டிப் போனார். அடுத்த சனிக்கிழமை அம்மாவைப் பார்க்க செம்பூர் போகவேண்டும் என்று ஒருவருடைய காரில் ஏறிக்கொண்டார். அதற்கடுத்த வாரமும் கார்தான். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இருக்கலாம். எத்தனையோ காரணம் இருக்கலாம். எனக்கு ஒன்றுதான் தெரிகிறது.

புத்தகம் வரவில்லை. வட்டத்தின் கமிட்டி கூடி, ப்ரோகிராமர் உத்தியோகத்தில் இருப்பவர்கள் மட்டுமே மெம்பராகலாம் என்று முடிவுசெய்துவிட்டது. மற்றவர்கள் விருந்தாளியாகத் தாராளமாக வரலாம், தலைவர் அன்போடுதான் சொன்னார். ப்ரோகிராம் எழுதுகிறவளுக்குத்தான் மெஷின், மெஷின் கிடைத்தால்தான் ப்ரோகிராம் எழுத வரும். இதை நிறுத்துவது எது என்று மேடத்திடம் கேட்கலாமென்றால் அவர் என் பக்கம் திரும்பவில்லை. செம்பூர்க்காரர் மட்டும் வழக்கம்போல, கொஞ்சம் அடித்துக் கொடுங்கள் என்று கூப்பிட்டார். போய் அடித்துக் கொடுத்தேன்.

அவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர்கூட என்னைப் போ என்று சொன்னதில்லை. அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை. போ என்றால் சண்டை போடலாம், அழலாம், வேறு வழி தேடலாம். வா வா என்று கூப்பிட்டுக் கடைசி வரிசையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தால் என்ன செய்வது? போர்டில் வரவேற்பு எழுதியவர்கள், வருகிறவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆளை உட்காரவைத்திருக்கலாம். காலேஜ் பேரைக் கேட்பதற்குப் பதிலாக, உனக்கு எது தெரியவேண்டும் என்று கேட்டிருக்கலாம். விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளி, தப்பாக அடி, பரவாயில்லை என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். இதற்கு ஆகிற செலவு என்ன? நான் தலைவரிடம் ஒருமுறை கேட்டும் பார்த்தேன். தரம் குறைந்துவிடுமே அம்மா என்றார், நிஜமான கவலையோடு.

வீட்டில் என் மகள் பிரின்சி இருக்கிறாள். தமிழ் எழுத்துக்கூட்டத் தெரியாது. மலரில் அம்மா பேர் வந்திருக்கிறது என்று அவள் அப்பாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். “மம்மி, நீ ஆபீசரா? ஸ்கூல்ல சப்கோ சொல்லிட்டேன்” என்றாள் மறுநாள் வந்து. எல்லோரிடமும் சொல்லிவிட்டாளாம். வீடு சயானில் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான். இப்போது அவள் கிளாஸ் முழுக்க, சயானில் இருக்கும் ஒரு ஆபீசருடைய மகள் அவள். சினேகிதிகள் யாரையும் வீட்டுக்குக் கூட்டிவருவதில்லை. வருஷம் முடிந்து எனக்குக் கணக்கு முடித்துவிட்டால் அந்தப் பள்ளிக்கூடமும் இருக்காது. அவளிடம் எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை.

7

நேற்று ஜைனப் வந்தாள். திங்கட்கிழமை பரீட்சை என்றதும் வாப்பா இறங்கிவந்துவிட்டாராம். கறுப்பு புர்காவில் அந்த ஏசி ரூமுக்குள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்து நிற்கச் சொன்னார்கள். பேர், ஆபீஸ், பஞ்ச் ஆபரேட்டர். வெரி குட், வெரி குட். எங்கே இருக்கிறாய் என்றார்கள். அவள் என்னைப் பார்த்துவிட்டு, சயான் என்றாள்.

தலைவருக்குச் சந்தோஷம். “வசந்தா, உங்க பக்கம்தான். கூட்டிண்டு போயிடுங்கோ” என்றார். மேடம் குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடினார். தேடிக்கொண்டே இருந்தார்.

நான் எழுந்துவிட்டேன். “அவ சயான் இல்ல சார். தாராவி. நானும் தாராவிதான். எங்கள நாங்க பாத்துக்கிடுதோம்.”

“அதுக்கென்ன, அதுக்கென்ன” என்றார் தலைவர். பிறகு ஒருவர் எழுந்து போய்ப் பேச ஆரம்பித்தார். கடைசியில் செம்பூர்க்காரர் என்னை அடிக்கக் கூப்பிட்டார். இன்றைக்கு ஜைனப் உட்காரட்டும், என்ன ஏதென்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்து அடிக்கவையுங்கள் என்றேன். இன்று நேரமில்லை என்று அவரே இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது ஜைனபுக்குக் கண் கலங்கியிருந்தது. “ஏன்க்கா சொன்னீக? வாப்பாவே சயான்னுதான சொல்லச் சொல்லுவாக.” மாட்டுங்கா ஸ்டேஷன் பாலம் வரை வந்தோம். ஏறி இறங்கினால் வீடு. படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

“அக்கா, ஒரே பேரையே அடிச்சிட்டு இருந்துச்சுன்னு சொன்னீகள்ல. அது ஏன் நிக்கல?”

நான் படிக்குக் கீழேயே நின்றேன். அவளுக்குச் சின்ன வயது. என்னைவிட வேகம். அவள் வாப்பாவுக்குப் பட்டறை இருக்கிறது. எனக்கு மில் மூடிப்போன வீட்டுக்காரரும், ஆபீசர் அம்மா இருப்பதாக நம்புகிற ஒரு பிள்ளையும் இருக்கிறார்கள். எடுப்பது ஒருவரோ இருவரோ. போகப் போகப் புரியும் என்று சொல்லிவிட்டுப் படியேறியிருக்கலாம். அந்த வார்த்தை வாய்வரை வந்தது. எவ்வளவு சுலபமான வார்த்தை என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது.

இறங்கி வா, சயான் வழியாகப் போவோம் என்றேன். எதுக்குக்கா இவ்வளவு சுற்று என்றாள். இந்தப் பாலம் ஏறினால் சொல்லி முடிப்பதற்குள் வீடு வந்துவிடும் என்றேன்.

குழாயில் ஆரம்பித்தேன். அவளுக்குக் குழாயைப் பற்றி விளக்கவேண்டியதில்லை. காந்தி மார்க்கெட்டுக்கு முன்னாலேயே, நான் இத்தனை வாரம் முட்டிமோதிய இடத்தை அவள் தாண்டிவிட்டாள். சயான் சர்க்கிளில் சிக்னலுக்காக நின்றபோது, நிறுத்துவதற்கு இரண்டு காரணமும் ஒரே நேரத்தில் வந்தால் மெஷின் என்ன செய்யும் என்று கேட்டாள். மேடம்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை. எடுப்பது ஒருவரைத்தான் என்றால் அது யார் என்று எனக்கு அந்த சிக்னலிலேயே தெரிந்துவிட்டது. பச்சை விழுந்து, கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு ரோட்டைத் தாண்டியது.

ரயில்வே பாலம் ஏறும்போது அவள் இன்னொன்று கேட்டாள். அதையும் சொல்லிக்கொடுத்தேன்.